நீரோடிப் பாருவில் தண்ணீர் எடுத்த அனுபவம்

கேரள எல்லையை ஒட்டிய நீரோடிப் பக்கத்தில் கடலடிப் பாறைத் திட்டுகளைப் பாரு என்போம். மன்னார் வளைகுடா மாதிரி முழுப் பவளத்திட்டு கிடையாது. பாறையில் அங்கங்கே பவளம் பிடித்து வளர்ந்திருக்கும். அங்கே வாழும் உயிர்களை, தண்ணீரில் கலந்துகிடக்கும் டிஎன்ஏவை வைத்து அடையாளம் காண்பது என் ஆய்வு. மீன் உதிர்க்கும் சளி, செதில், கழிவு எல்லாவற்றிலும் டிஎன்ஏ உண்டு. கல் பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, ஒரு துண்டுகூட உடைக்கக் கூடாது. இந்த முறையில் பவளத்தைத் தொடவே வேண்டாம். எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

சிரமமெல்லாம் வள்ளத்தில்தான். முந்தின நாள் சாளை ஏற்றிய வள்ளம், பலகை முழுக்கச் செதில். அது ஒட்டினால் பாருவில் இல்லாத சாளையும் முடிவில் வந்து நிற்கும். அதனால் குப்பிகளை பிளீச்சில் கழுவி, நன்றாக அலசி, பையில் கட்டிக் கொண்டுபோனோம். இடத்துக்கு இடம் கையுறை மாற்றினோம். கூடவே சுத்தமான தண்ணீர்க் குப்பி ஒன்றை வள்ளத்திலேயே திறந்து, பாருத் தண்ணீரைப் போலவே அதையும் வடிகட்டினோம். அதில் மீன் டிஎன்ஏ வந்தால் நம் கைவழியாக வந்தது என்று தெரிந்துவிடும். இந்தக் குப்பி இல்லாத ஆய்வை நான் நம்ப மாட்டேன்.

வள்ளக்கார மாமா கோயில் கோபுரத்தையும் பின்னால் தெரியும் மலையையும் நேர் பார்த்து, பாருவுக்கு மேலே நிறுத்தினார். "மக்கா, மேத்தண்ணி நீரோட்டத்துல வந்தது. அடித்தண்ணிய எடு" என்றார். சரியான பேச்சு. நீரோட்டம் வேறிடத்து டிஎன்ஏவையும் இழுத்து வரும். கயிற்றில் மூடிக்குப்பியை அடிவரை இறக்கினோம். டிஎன்ஏவைப் பிடித்துவைக்கும் 0.45 மைக்ரான் வடிதாளில் கலங்கல் அடைத்துக்கொண்டது, பொறுமையாக வடித்தோம். சூட்டில் டிஎன்ஏ சீக்கிரம் சிதையும் என்பதால் தாள் உடனே ஐஸ் பெட்டிக்குள் போனது.

ஆய்வகத்தில் மீனை அடையாளம் காண 12எஸ் என்ற டிஎன்ஏ பகுதியைப் பல நகல்களாகப் பெருக்கினோம். பவளத்துக்கு, விலங்குகளுக்கு வழக்கமாக எடுக்கும் சிஓஐ என்ற பகுதி சரிப்படாது. பவளத்தில் அது மிக மெதுவாக மாறுவதால் நெருங்கிய இனங்களைப் பிரித்துக் காட்டாது, அதனால் ஐடிஎஸ்2 என்ற வேறு பகுதியை எடுத்தோம்.

கிடைத்த டிஎன்ஏ வரிசைகளை, தெரிந்த உயிர்களின் வரிசைகள் உள்ள தரவுத்தளத்தோடு ஒப்பிட்டதில் கலவா உட்படப் பல பெயர்கள் வந்தன. பொருத்தமே கிடைக்காத வரிசைகளும் நிறைய. பட்டியலை மாமாவிடம் வாசித்தபோது, "கிளாத்தி எங்க? வலையில வருதே" என்றார். ஒப்பிடும் தரவுத்தளத்தில் சரியான வரிசை இல்லாத மீன் பெயராக வராது. அப்புறம் அவர் பிடித்த கிளாத்தியின் துடுப்பிலிருந்து சிறு துண்டை எத்தனாலில் போட்டு, அதன் டிஎன்ஏ வரிசையைப் படிக்கப் படத்தோடு அனுப்பினோம். இப்போது புதிதாக எது வலையில் விழுந்தாலும் மாமா எனக்குப் போன் செய்கிறார்.