வையலுக்குள் உண்மையில் எவ்வளவு பெப்டைடு இருக்கிறது? ஆய்வகத்தில் பட்ட பாடு

செயற்கை பெப்டைடு (சில அமினோ அமிலங்களைக் கோத்த குட்டிச் சங்கிலி) ஒன்றை வைத்து மூளை ஆராய்ச்சி தொடங்கப் போகிற ஜூனியர்கள் தயவுசெய்து இதை ஆர்டர் போடுவதற்கு முன்னால் படியுங்கள். எலி, அறுவை, நீர்ப் புதிர் (தொட்டியில் மறைத்துவைத்த மேடையை எலி நீந்திக் கண்டுபிடிக்கும் சோதனை) எல்லாவற்றுக்கும் பயிற்சி கொடுக்க ஆள் இருக்கிறார்கள். வாங்கிய வையலில், அதாவது அந்தச் சின்னக் குப்பியில், என்ன இருக்கிறது என்பதற்கு மட்டும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். என் ஆய்வில் பெரும்பாடு பட்டது அங்கேதான். கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

நான் வேலை செய்வது நேப் என்கிற பெப்டைடில். மருந்தாகச் சோதித்தபோது வைத்த பெயர் டேவுனெடைடு. எட்டே அமினோ அமிலங்கள்: அஸ்பராஜின், அலனின், புரோலின், வாலின், செரின், ஐசோலூசின், புரோலின், குளூட்டமின். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் இல்லானா கோசஸ் குழுவினர் 1999இல் விவரித்த ஏ.டி.என்.பி. புரதத்தின் ஒரு சின்னத் துண்டு இது. நரம்புச் செல்லின் மைக்ரோடியூபுல்களை, அதாவது செல்லுக்குள் சட்டம் போல இருக்கும் நுண்குழாய்களை, காப்பாற்றுகிறது என்பதுதான் இதன் மேல் உள்ள நம்பிக்கை. பி.எஸ்.பி. எனப்படும் நரம்புச் சிதைவு நோயாளிகள் 313 பேரிடம், ஒரு வேளைக்கு 30 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை மூக்கு வழியாகக் கொடுத்து, 52 வாரம் சோதித்தார்கள். பலன் இல்லை. முடிவு 2014இல் லான்செட் நியூராலஜியில் வந்தது.

"தோத்துப்போன மருந்தை எதுக்கும்மா எடுக்கறே?" என்று என் கைடு உட்படப் பலரும் கேட்டார்கள். எனக்கு இதில் இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ஆரம்பகால ஆய்வுகளில் செல் வளர்ப்புத் தட்டில் இது ஃபெம்டோமோலார் அளவிலேயே, அதாவது லிட்டருக்கு ஒரு மோலில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலேயே, செல்களைக் காப்பாற்றியது. மனிதருக்குக் கொடுத்ததோ மில்லிகிராம் கணக்கில். இந்த இரண்டு முனைகளுக்கு நடுவே எந்த டோஸ் என்ன செய்கிறது என்பதை எலியில் படிப்படியாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் தலைப்பு. டோஸ்தான் என் தீசிஸ். அதனால்தான் பின்னால் நடந்தது எனக்கு அவ்வளவு வலித்தது.

எத்திக்ஸ் கமிட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலங்குச் சோதனைக்கான விண்ணப்பமான ஃபார்ம் பி நிரப்பி, எலி எண்ணிக்கைக்குப் புள்ளியியல் கணக்கு காட்டினால் நியாயமாகவே நடத்துகிறார்கள். எங்கள் கமிட்டியில் சமூகப் பிரதிநிதியாக இருந்தவர், "இந்த எலிக் குழு எதற்கு? அந்தக் குழுவே இதற்கும் பதில் சொல்லிவிடுமே" என்று கேட்டு ஒரு குழுவையே குறைத்தார். அவர் கேட்டது சரி. இழுத்தது கையெழுத்தான மினிட்ஸ் கைக்கு வருவதுதான். ஒப்புதல் எண் இல்லாமல் ஒரு எலிகூட வாங்க முடியாது. கூட்டம் முடிந்த அன்றே யாரிடம் ஃபைல் போகிறது என்று தெரிந்துவைத்துக்கொண்டு விடாமல் கேளுங்கள்.

அறுவைக்கு மயக்க மருந்தாகக் கெட்டமின் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தால் அதற்கும் இப்போதே ஏற்பாடு தொடங்குங்கள். அது அட்டவணை எக்ஸ், அதாவது கடுமையான கட்டுப்பாடு உள்ள பட்டியலில் இருக்கும் மருந்து. தனி உரிமம் உள்ள கடையில்தான் கிடைக்கும், மருந்துச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், பூட்டிய அலமாரி வேண்டும், ஒவ்வொரு மில்லிக்கும் பதிவேட்டில் கணக்கு வேண்டும். எங்கள் கால்நடை மருத்துவர் பொறுமைசாலி, அதனால் தப்பித்தேன்.

இனி பெப்டைடு. பர்ச்சேஸ் செக்‌ஷனில் முதல் கேள்வி: "இது மருந்தா, கெமிக்கலா? மருந்துன்னா லைசென்ஸ் காட்டுங்க. கெமிக்கல்னா ஜெம் போர்ட்டல்ல பாத்துட்டு வாங்க." ஜெம் என்கிற அரசுக் கொள்முதல் தளத்தில் இல்லை என்று சான்று எடுத்துக்கொண்டு போனால், "அஞ்சு மில்லிகிராம்னு போட்டிருக்கே, கிராம்தானே? திருத்திக் கொண்டாங்க" என்று ஃபைல் திரும்பியது. இல்லை சார், மில்லிகிராம்தான் என்றால், அந்த விலைக்கு அவ்வளவு கொஞ்சமா என்று நம்பவே மாட்டேன் என்கிறார். ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கோத்து, வெட்டியெடுத்து, சுத்தம் செய்து தருகிறார்கள் என்று ஒரு பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாள் வேலை செய்தது. கொட்டேஷனோடு அப்படி ஒரு விளக்கத் தாளை முதலிலேயே சேர்த்துவிடுங்கள், ஒரு சுற்று அலைச்சல் மிச்சம்.

பார்சல் மீனம்பாக்கம் கார்கோவில் நின்றது. பெப்டைடு என்ற சொல்லைப் பார்த்ததும் மருந்து என்று எடுத்துக்கொண்டு, மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஆட்சேபனையின்மைச் சான்று கேட்டார்கள். விலங்கிலிருந்து எடுத்ததா என்று இன்னொரு கேள்வி. "வேதியியல் முறையில் தயாரித்தது, விலங்கு அல்லது மனித மூலப்பொருள் எதுவும் இல்லை, ஆய்வக ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று தயாரிப்பாளரின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் இருந்திருந்தால் உடனே விட்டிருப்பார்கள். அதைப் பார்சலோடு வைக்கச் சொல்லி நான் மெயில் அனுப்பியிருந்தேன். அவர்கள் வைக்கவில்லை. நடுவில் சனி ஞாயிறு வேறு. டிரை ஐஸ் எல்லாம் ஆவியாகிப் போயிருந்தது.

எல்லோரும் அந்தச் சூட்டைப் பற்றித்தான் பதறினார்கள். உறைநிலையில் உலர்த்திய பொடிக்குச் சில நாள் சூடு பெரிய ஆபத்தில்லை. ஆபத்து ஈரம். ஃப்ரீசரில் இருந்து எடுத்த வையலைச் சென்னைக் காற்றில் உடனே திறந்தால் உள்ளே தண்ணீர் கோத்துக்கொள்ளும், அதற்கப்புறம் நீங்கள் எடை போடுவது பெப்டைடையும் ஈரத்தையும் சேர்த்துத்தான். டெசிக்கேட்டரில் (ஈரத்தை உறிஞ்சும் மூடிய பாத்திரத்தில்) வைத்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகு மட்டுமே திறக்க வேண்டும். தானாகப் பனி உருக்கும் வீட்டு ஃப்ரிட்ஜ் வகை ஃப்ரீசரில் கரைசலை வைக்கவே கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் சூடாகிச் சூடாகிக் குளிரும். சின்னச் சின்னப் பங்குகளாகப் பிரித்து, ஒன்றை ஒரே முறை உருக்கிப் பயன்படுத்தி மீதியைக் கொட்டிவிடுங்கள்.

வையல் வந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. ஆர்டரில் அசிட்டேட் உப்பு என்று எழுதியிருந்தேன். வந்தது டி.எஃப்.ஏ. உப்பு. சுத்திகரிப்பில் பயன்படுத்தும் டிரைஃப்ளோரோ அசிட்டிக் அமிலம் பெப்டைடோடு ஒட்டிக்கொண்டே வரும். செல் வளர்ப்பில் அதுவே தனியாக விளைவு காட்டக்கூடும். சான்றிதழில் சுத்தம் 98 சதவீதத்துக்கு மேல் என்று பெரிய எழுத்தில் இருந்தது. நிகர பெப்டைடு அளவு, அதாவது பொடியின் எடையில் பெப்டைடு மட்டும் எவ்வளவு, என்ற வரி மட்டும் இல்லை.

இரண்டும் வேறு வேறு என்பதைச் சப்ளையரின் ஆளுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கலவையைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவி சொல்லும் சுத்தம், அந்தப் பொடியில் உள்ள பெப்டைடு வகைகளில் நாம் கேட்டது எத்தனை சதவீதம் என்பதைத்தான் சொல்கிறது. உப்பும் தண்ணீரும் அந்தக் கணக்கில் வராது. "98 பர்சன்ட் ப்யூரிட்டி மேடம், அஞ்சு மில்லிகிராம்னா அஞ்சு மில்லிகிராம்தான்" என்று போனில் திரும்பத் திரும்பச் சொன்னார். நேப்பின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 825. ஒரு மூலக்கூறுக்கு ஒரு டி.எஃப்.ஏ., அதன் எடை 114. உப்பு மட்டுமே மொத்த எடையில் 12 சதவீதம். தண்ணீர் அதற்கு மேல். இந்தக் கணக்கை மெயிலில் போட்டேன். பதிலாக அதே சான்றிதழை மறுபடி இணைத்து அனுப்பினார்கள்.

சரி, நாமே அளந்துவிடலாம் என்றால் நேப் அதற்கும் வழி விடவில்லை. டிரிப்டோஃபானோ டைரோசினோ இருந்தால் 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சும், அளவு தெரியும். இந்த எட்டில் இரண்டும் கிடையாது. ஆய்வகத்தில் ஒரு தம்பி ஒளி உறிஞ்சலை அளக்கும் நானோடிராப் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, வையல்ல ஒண்ணுமே இல்லக்கா!" என்று ஓடிவந்தான். 205 நானோமீட்டரில் பார்க்கலாம்தான், பெப்டைடுப் பிணைப்பு அங்கே உறிஞ்சும். ஆனால் அந்த அலைநீளத்தில் பெப்டைடைக் கரைத்திருக்கும் பஃபரும் சேர்ந்து உறிஞ்சும். டோஸையே தலைப்பாக வைத்திருக்கும் எனக்கு அந்த எண்ணை நம்பிப் படி ஏற மனம் வரவில்லை.

மிச்சமிருந்தது அமினோ அமிலப் பகுப்பாய்வு. பெப்டைடை அடர் அமிலத்தில் 110 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வேகவைத்துத் தனித்தனி அமினோ அமிலமாக உடைத்து எண்ணுவது. ஒரு வையலை அதற்காகவே பலி கொடுக்க வேண்டும். "இவ்வளவு விலை கொடுத்து வாங்கினதை உடைக்கவா?" என்று கைடு தயங்கினார். உடைக்காவிட்டால் மற்ற வையல்கள் எல்லாமே சந்தேகம்தான் சார் என்றேன். சம்மதித்தார். அதற்கு அவருக்கு நான் எப்போதும் நன்றி சொல்வேன்.

வெளி ஆய்வகத்திலிருந்து வந்த ரிப்போர்ட்டின் அடியில் "கொடுத்த வரிசையோடு பொருந்தவில்லை" என்று ஒரு குறிப்பு. அஸ்பராஜினும் குளூட்டமினும் பூஜ்யம், கேட்காத அஸ்பார்ட்டிக் அமிலமும் குளூட்டமிக் அமிலமும் இருக்கின்றன. தப்பான பெப்டைடையே அனுப்பிவிட்டார்கள் என்று ஆய்வகமே கொதித்தது. ரிப்போர்ட்டை மேசையில் விரித்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். அமிலத்தில் வேகும்போது அஸ்பராஜின் அஸ்பார்ட்டிக் அமிலமாகவும், குளூட்டமின் குளூட்டமிக் அமிலமாகவும் மாறிவிடும். செரின் கொஞ்சம் சிதையும். அதனால் அலனின், வாலின், ஐசோலூசின் இவற்றை ஒன்றுக்கு ஒன்றாகவும், புரோலினை இரண்டாகவும் வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். போட்டேன். விகிதம் அச்சாகப் பொருந்தியது. மூலக்கூறின் எடையைக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரத்திலும் 825.4இல் உச்சி நின்றது. பெப்டைடு சரிதான். அளவுதான் குறைவு: எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பெப்டைடே இல்லை. லேபிளை நம்பி டோஸ் போட்டிருந்தால் என் ஒவ்வொரு படியும் அவ்வளவு கீழே இறங்கியிருக்கும், அது யாருக்கும் தெரிந்தும் இருக்காது.

அந்த எண் கையில் கிடைத்த சாயங்காலம் எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எல்லா அட்டவணையையும் அன்றே திருத்தினேன்.

மிகக் குறைந்த செறிவுகளில் இன்னொரு திருடன் உண்டு, பிளாஸ்டிக் குழாய். அவ்வளவு நீர்த்த கரைசலில் பெப்டைடு சுவரிலேயே ஒட்டிக்கொண்டு போய்விடும். ஒட்டாத வகைக் குழாய் வாங்குங்கள். கரைசலைக் கடைசியாக நீர்க்கச் செய்வதை, மருந்து கொடுப்பதற்குச் சற்று முன்புதான் செய்ய வேண்டும்.

மற்ற வேலைகள் ஒழுங்காகவே நடந்தன, நீர்ப் புதிரைத் தவிர. மே மாதத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கொதிக்கும். வெதுவெதுப்பான நீரில் எலி தேடாது, சும்மா மிதக்கும். ஐஸ் கட்டி வாங்கிப் போட்டு 22, 23 டிகிரிக்குக் கொண்டுவந்தோம். அதைவிடக் கொடுமை, பயிற்சியின் நடுவே வெள்ளையடிக்க வந்தவர்கள் சுவரில் ஒட்டியிருந்த வட்டம், முக்கோண அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். எலி வழி தெரிந்துகொள்வதே அந்த அடையாளங்களை வைத்துத்தான். அந்தத் தொகுதியின் தரவு முழுவதையும் ஒதுக்கிவைத்தோம். உயிர்களை வைத்துச் செய்த வேலை வீணானது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அறைக் கதவில் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆய்வு செய்கிறேன் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் போன் செய்கிறார்கள். "மாமாவுக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சு, ஆன்லைன்ல மூளைக்குப் பெப்டைடு விக்குதாமே, வாங்கலாமாம்மா?" அந்தக் குரலில் இருக்கும் தவிப்பு எனக்குப் புரிகிறது. தயவுசெய்து வேண்டாம். "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று போட்ட வையலில் அளவே சரியாக இருக்காது என்பதைக் கண்ணால் பார்த்தவள் சொல்கிறேன். கிருமி நீக்கம் செய்ததா, பாக்டீரியா நச்சு (எண்டோடாக்ஸின்) கலந்திருக்கிறதா என்று எவரும் சோதித்திருக்க வேண்டிய கட்டாயம் அதற்குக் கிடையாது. என் பெப்டைடு 313 பேரிடம் முறையாகச் சோதித்தும் பலன் காட்டவில்லை. மறதிக்கு நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பி12 குறைவு, தைராய்டு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களை அவர் முதலில் பார்ப்பார்.

போன டாக்டரல் கமிட்டியில் வெளியிலிருந்து வந்த உறுப்பினர் கேட்ட முதல் கேள்வியே, "நீங்க சொல்ற டோஸ் மொத்தப் பொடி எடையா, நிகர பெப்டைடா?" என்பதுதான். பகுப்பாய்வு ரிப்போர்ட்டை நீட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, "இதை மெத்தட்ஸ்ல போடுங்க, நிறைய பேர் போடறதில்ல" என்றார்.

இப்போது எங்கள் ஆர்டர்களில் இந்த வாசகத்தைச் சேர்த்திருக்கிறோம், வேண்டியவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: "அசிட்டேட் உப்பாக மாற்றி, எல்லா வையல்களும் ஒரே லாட்டிலிருந்து, அமினோ அமிலப் பகுப்பாய்வின்படி நிகர பெப்டைடு அளவு, நீரளவு, மாஸ் ஸ்பெக்ட்ரம், எண்டோடாக்ஸின் முடிவு ஆகியவற்றோடு அனுப்பவும். விலங்கு மூலமல்ல என்ற கடிதம் பார்சலின் வெளிப்பையில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பில் பாஸ் செய்யப்படாது." அந்தக் கடைசி வரிதான் வேலை செய்கிறது.