போரில் மறைந்த தாத்தாவைப் பதிவேட்டில் தேடுகிறவர்களுக்கு

"கொள்ளுத்தாத்தா பர்மா சண்டைக்குப் போனாரு, திரும்பி வரல." வட ஆர்க்காடு, சேலம் பக்கம் பல வீடுகளில் இந்த ஒரு வரிதான் மிச்சம். பேரனோ கொள்ளுப்பேத்தியோ இணையத்தில் அவர் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வராமல் விட்டுவிடுகிறார்கள். பெயரை மட்டும் நம்பித் தேடினால் அப்படித்தான் ஆகும். முத்துசாமிகள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். அவர்களையும் ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தா ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார். படை எண்ணும் படைப்பிரிவும் கையில் இருந்தால்தான் ஆள் அகப்படுவார். அவை பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும்.

பரணில் உள்ள தகரப்பெட்டியை முதலில் இறக்குங்கள். பதக்கம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலேயே பதக்கம் கொடுத்தார்கள். இந்திய ராணுவம் கொடுத்தவற்றில் பெயர் உண்டு. வட்டப் பதக்கமானால் விளிம்பிலும், பர்மா ஸ்டார் போன்ற நட்சத்திரமானால் பின்பக்கத்திலும் எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கெழுத்து ஆகியவை இருக்கும். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பிராஸோ போன்ற பாலிஷும் வேண்டாம். பளபளப்போடு சேர்ந்து எழுத்தும் மழுங்கிவிடும். இருட்டு அறையில் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் படம் எடுங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் தெரியாத எழுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் நிழலோடு எழும்பி வரும்.

முதல் உலகப் போரில் இறந்தவரின் வீட்டுக்கு 12 சென்டிமீட்டர் அகல வெண்கலத் தகடு ஒன்று வந்திருக்கலாம். அதில் பெயர் மட்டும்தான். எண்ணும் கிடையாது, பதவியும் கிடையாது. ஆள் படைப்பணியில் இருந்து இறந்தார் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவே. பழைய கடிதமோ உறையோ கிடைத்தால் அஞ்சல் முத்திரையைப் பாருங்கள். களத்தபால் நிலையத்தின், அதாவது படையோடு இயங்கிய தபால் நிலையத்தின், எண் அதில் இருக்கும். அந்தத் தேதியில் அந்த எண் எந்த ஊரில் இயங்கியது என்பதைத் தபால்தலை சேகரிப்பாளர்கள் பட்டியலாகவே போட்டு வைத்திருக்கிறார்கள்.

தேட வேண்டிய இடம் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் (CWGC) இணையத் தரவுத்தளம். 1917-இல் தொடங்கிய அமைப்பு. 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் இறந்தவர்கள் அதன் கணக்கில் வருவார்கள். அதாவது சண்டை ஓய்ந்த பிறகு ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் போனவரும் இருக்கலாம். சமையல்காரர், தண்ணீர் சுமந்தவர், துப்புரவாளர் என்று படையோடு போனவர்களும் உண்டு. ஆகவே "துப்பாக்கி பிடிக்கவில்லையே" என்று தயங்க வேண்டாம்.

எண் தெரிந்தால் எண்ணைப் போடுங்கள். தெரியாவிட்டால் பெயர்ப் பெட்டியை விட்டுவிட்டு, கூடுதல் தகவல் என்ற பெட்டிக்குப் போங்கள். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர் என்ற குறிப்பு பல பதிவுகளில் இருக்கிறது. அங்கே ஊர்ப்பெயரையோ தகப்பன் பெயரையோ கொடுத்து, படை என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். மாவட்டங்களை அன்றைய ஆங்கில வழக்கில் எழுத வேண்டும்: டின்னவேலி, டான்ஜோர், டிரிச்சினோபாலி, ராம்னாட். ஒற்றைப் பெயர்க்காரர்களைக் குடும்பப்பெயர்ப் பெட்டியில்தான் ஏற்றியிருப்பார்கள். 'சாமி' என்ற முடிவை நான்கைந்து எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். நம்மவர்கள் நிறைய இருந்த பிரிவுகள் மெட்ராஸ் ஸாப்பர்ஸ் (பொறியியல் படை), மெட்ராஸ் ரெஜிமெண்ட், பயனியர் படை, ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் ஆகியவை. பிரிவு தெரிந்தால் சலித்தெடுப்பது சுலபம்.

பதிவு கிடைத்ததும் எல்லோரும் கேட்பது, "கல்லறை எங்கே?" அங்கேதான் ஏமாற்றம். இந்து வீரர்களைப் பெரும்பாலும் எரித்தார்கள். காட்டில் காணாமல் போனவர்களுக்கு உடலே இல்லை. அதனால் பெயர்தான் மிஞ்சும். ரங்கூனுக்கு வடக்கே தாவ்க்கியனில் உள்ள நினைவு மண்டபத் தூண்களில் ஏறக்குறைய 27,000 பெயர்கள். மலேயாவிலும் சிங்கப்பூரிலும் மறைந்தவர்களின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சியில். கோஹிமாவில் எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனி நினைவுச்சின்னம். பதிவில் இருக்கும் முகப்பு எண்ணையோ (தூணின் எந்தப் பக்கம் என்பது) தூண் எண்ணையோ குறித்துக்கொண்டு போனால்தான் அங்கே கண்டுபிடிக்க முடியும். 'டெல்லி/கராச்சி நினைவுச்சின்னம்' என்று போட்டிருந்தால் சுவரில் தேடாதீர்கள். அந்த 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் புத்தகமாக இருக்கின்றன. மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) இறந்து பாஸ்ராவில் நினைவுகூரப்படும் சாதாரணச் சிப்பாய்களுக்கு இன்னும் மோசம்: அதிகாரிகளின் பெயரைக் கல்லில் வெட்டியவர்கள், சிப்பாய்களை வெறும் எண்ணிக்கையாக விட்டுவிட்டார்கள். இதை மறதி என்று சொல்லி மழுப்ப முடியாது. சென்னையில் இருப்பவர்கள் நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க்கல்லறையின் பின்புறம் போய் 1914–1918 நினைவுச்சின்னத்தைப் பார்க்கலாம்.

புகைப்படத்துக்கு வருவோம். பூஜை அறையில் மாட்டியிருக்கும் அசலைக் கொல்வது சந்தனமும் குங்குமமும்தான். வாரம்தோறும் ஈரத் துணியால் துடைத்துப் பொட்டு வைக்கும்போது தண்ணீர் கண்ணாடி வழியே இறங்கிக் கீழ்ச் சட்டத்தில் தேங்கும். படத்தின் அடிப்பகுதி முதலில் பூஞ்சை பிடிப்பது இதனால்தான். பிரதி எடுத்து மாட்டி, அதற்குப் பொட்டு வையுங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், கண்ணாடியோடு சேர்த்தே 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். போட்டால் பிரிக்க முடியாது. பின்பக்கம் எழுதுவதானால் மென்மையான பென்சில் போதும். பேனா மை முன்பக்கம் ஊறும்.

திதி கொடுக்க விரும்புகிறவர்கள் பதிவில் உள்ள தேதியை அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தில் பார்த்து மாதம், பட்சம், திதி எடுக்கலாம். இறந்த நேரம் தெரியாததால் ஒரே நாளில் இரண்டு திதி குறுக்கிட்டால் வீட்டுப் புரோகிதரைத்தான் கேட்க வேண்டும். சிங்கப்பூர் வீழ்ந்த 1942 பிப்ரவரி 15 என்ற தேதி கண்டால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். காணாமல் போன பலருக்கு அன்றைய தேதியைப் பொதுவாகப் போட்டுவிட்டார்கள். தேதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை இருக்கவே இருக்கிறது.

பதிவில் பெயரோ ஊரோ தப்பாக இருந்தால் ஆணையத்துக்கு எழுதித் திருத்தம் கேட்கலாம். பாட்டி சொன்னதை மட்டும் வைத்து எழுதினால் நகராது. பதக்க விளிம்பின் படம், பென்ஷன் தாள், பணிச் சான்று என்று எண்ணோடு கூடிய ஏதாவது ஒன்றை இணைத்து அனுப்புங்கள். காகிதம் எதுவும் இல்லாதவர்கள் முதலில் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதிப் பார்க்கலாம்: ஸாப்பர்ஸ், பயனியர் என்றால் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன்.