வேலிச் செம்பருத்தியும் அதன் சொந்தக்காரர்களும்

நர்சரியில் விற்கும் ஒட்டு ரகச் செம்பருத்தி மேல் எனக்குப் பெரிய மதிப்பு இல்லை. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூக்கும், மஞ்சள், ஆரஞ்சு, ஊதா என்று கலர் காட்டும். ஆனால் எங்கள் ஜெலுத்தோங் வீட்டில் மாவுப்பூச்சி முதலில் ஏறுவது அதில்தான். பக்கத்திலேயே நிற்கும் வேலிச் செம்பருத்தி, சாதாரண ஒற்றைச் சிவப்பு, எதையும் கண்டுகொள்வதில்லை. ஒரு குச்சியை ஒடித்துச் செருகினால் பினாங்கு மழைக்கு அதுவே வேர் பிடித்துக்கொள்ளும்.

1960-இல் மலாயாப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தேசிய மலராக அறிவித்ததும் இந்தச் செம்பருத்தியைத்தான். மல்லிகை, தாமரை, ரோஜா எல்லாம் போட்டியில் இருந்தன. இத்தனைக்கும் செம்பருத்தி வெளியிலிருந்து இங்கே வந்து சேர்ந்த செடி. வந்த இடத்தில் வேலியாய் நின்று பேர் வாங்கிவிட்டது, நம்மாட்கள் மாதிரி.

பூவின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயாகி இருக்கும். சூலகத் தண்டு அந்தக் குழாய்க்குள்ளேயே ஓடி, நுனியில் ஐந்தாகப் பிரிந்து, வெல்வெட் பொட்டு வைத்தது போல் வெளியே தலை காட்டும். அடுக்குச் செம்பருத்தியில் கூடுதல் இதழாக மாறுவது பெரும்பாலும் இந்தத் தாள்கள்தான்.

இதைப் பார்த்துப் பழகிவிட்டால் சொந்தக்காரர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். தொட்டி வெண்டையின் பூவைப் பிரித்தால் அதே குழாய். தெலுக் பஹாங் பக்கம் கடலோரமாக நிற்கும் நீர்ப்பருத்தியிலும் அதேதான். காலையில் மஞ்சளாக மலர்ந்து, சாயங்காலம் செம்மை ஏறி, அன்றைக்கே உதிர்ந்துவிடும். பூவரசிலும் அதே குழாய், அதே நிற மாற்றம். அப்புறம் அந்தக் கொழகொழப்பு. வெண்டைக்காயை நறுக்கும்போது கையில் ஒட்டுவதும், செம்பருத்தி இலையைக் கசக்கினால் வருவதும் ஒரே வகைப் பசைதான். என் மாமியார் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த இலையை அரைத்துத் தலைக்குத் தேய்த்துத்தான் குளிப்பார். ஷாம்பு பாட்டில் எங்களுக்கு மட்டும்.

பட்டியலில் நம்ப முடியாத ஆள் டுரியான். முன்பு இலவ மரத்தோடு சேர்த்துத் தனிக் குடும்பமாக வைத்திருந்தார்கள். 1990-களின் கடைசியில் மரபணு ஆய்வுகளைப் பார்த்துவிட்டு எல்லாரையும் செம்பருத்திக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். பாலிக் பூலாவ் தோட்டத்தில் பூப் பருவத்தில் போனால் தெரியும்: தடித்த கிளைகளிலேயே வெளிர் மஞ்சள் பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். தாள்கள் இங்கே ஒரே குழாயாக இல்லை, ஐந்து கற்றைகளாக இருக்கும். செம்பருத்தி விடிந்ததும் மலரும். டுரியான் பிற்பகல் கடந்துதான் விரியும். இருட்டியதும் தேனுக்கு வௌவால் வரும், காய் பிடிப்பதும் பெரும்பாலும் அதன் புண்ணியத்தில்தான். மறுநாள் காலை மரத்தடி முழுக்க இதழும் தாளும் கொட்டிக் கிடக்கும்.

போன வாரம் இதையெல்லாம் அத்தையிடம் ஆர்வமாக விளக்கினேன். கையில் அரைத்த இலையோடு நின்று முழுசாகக் கேட்டுவிட்டு, “அப்போ டுரியான் இலையையும் அரைச்சுத் தேய்க்கலாங்கிறியா?” என்றார்.

“தெரியலை அத்தை.”

“முதல்ல உன் தலையில தேய்ச்சுப் பாரு, அப்புறம் சொல்லு.”