முதலில் எடையைப் பார்

எங்கள் வீட்டில் ரேஸ் என்றால் கெட்ட வார்த்தை. பெரியப்பா ஒருவர் அதில் நிலத்தை விட்ட கதையைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். அப்படி வளர்ந்த நான், ஒவ்வொரு நவம்பரும் முதல் செவ்வாய்க்கிழமை, இறகு செருகிய தொப்பியோடு, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் கப் குதிரைப் பந்தயம் பார்க்க உட்காருகிறேன். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

நான் வேலை பார்ப்பது மெல்பர்னில் ஒரு முதியோர் இல்லத்தில். கப் நாள் இந்த ஊருக்கு 1877 முதல் பொது விடுமுறை; எங்களுக்கு ஏது விடுமுறை? காலையிலேயே கூடத்தில் காகிதத் தோரணம் கட்டுவோம், சாண்ட்விச் அடுக்குவோம். 24 குதிரைகளின் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு சூப் கிண்ணத்தில் போட்டுக் குலுக்குவோம். சீட்டு 2 டாலர்; எடுத்த சீட்டின் குதிரை ஜெயித்தால் பணம் அவருக்கு. நடக்கவே சிரமப்படுகிறவர்கள்கூட அன்று உதட்டுச் சாயம் கேட்பார்கள்.

முதல் வருடம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. சீட்டில் வந்த பெயர் அழகாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பாட்டி பூதக்கண்ணாடியைச் செய்தித்தாள் மேல் நகர்த்தியபடியே, "பெயரில் என்ன இருக்கிறது? முதலில் எடையைப் பார், பெண்ணே" என்றார்.

இந்தப் பந்தயத்தின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. எல்லாக் குதிரையும் ஒரே சுமையோடு ஓடுவதில்லை. திறமையை நிரூபித்த குதிரைக்குச் சுமை கூடுதல். குதிரையை ஓட்டும் ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தோடு ஈயம் சேர்த்துக் கணக்கை நேர் செய்வார்கள். நன்றாக ஓடினால் அடுத்த முறை இன்னும் பளு. ஆபீஸில் ஒழுங்காக வேலை செய்கிறவன் மேஜையில்தானே ஃபைல் குவியும், அது மாதிரி. பிளெமிங்டன் திடலில் 3200 மீட்டர் (1971 வரை இரண்டு மைல்) இந்தச் சுமையோடு ஓட வேண்டும்.

1861-இல் நடந்த முதல் கப்பை வென்றது ஆர்ச்சர். 17 குதிரைகள் ஓடின, அவற்றில் இரண்டு வழியிலேயே விழுந்து செத்தன. மறுவருடமும் ஆர்ச்சரே, அதுவும் எட்டு குதிரை நீள இடைவெளியில். விடுவார்களா? 1863-இல் அதற்கு 11 ஸ்டோன் 4 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 72 கிலோ விதித்தார்கள். சரி, ஓடுகிறோம் என்று ஆர்ச்சர் தரப்பில் தந்தி கொடுத்தால், மெல்பர்னில் அன்றைக்குப் பொது விடுமுறையாம். தந்தி தாமதமாய்ப் போய்ச் சேர்ந்தது, பெயரை ஏற்க மறுத்துவிட்டார்கள். கோபத்தில் வேறு பல உரிமையாளர்களும் விலகிக்கொள்ள, கடைசியில் ஓடியவை ஏழே ஏழு. ஆர்ச்சர் முதல் கப்புக்காக 800 கிலோமீட்டர் நடந்தே வந்தது என்றும் ஒரு கதை உண்டு. பாட்டிக்கும் அதில் பலத்த நம்பிக்கை. உண்மையில் அது கப்பலில் வந்திறங்கியது.

சுமந்து வென்றதில் இன்றுவரை உச்சம் கார்பைன்: 1890-இல் 66 கிலோ, எதிரே 38 குதிரைகள். மக்கைபி டீவா என்ற பெண் குதிரை 2003, 2004, 2005 என்று மூன்று வருடம் தொடர்ந்து வென்றது. வேறு எந்தக் குதிரையும் மூன்று கப் எடுத்ததில்லை. அதன் சுமையைப் பாருங்கள்: 51, அப்புறம் 55.5, அப்புறம் 58. வேக சாதனை 1990-இல் கிங்ஸ்டன் ரூல் எடுத்த 3 நிமிடம் 16.3 வினாடி. அதைப் பற்றிப் பாட்டி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர் பேசியதெல்லாம் ஃபார் லாப் என்ற குதிரையைப் பற்றித்தான். அவருடைய அப்பா வானொலியில் கேட்ட பந்தயமாம். 1930 கப்புக்கு மூன்று நாள் முன்னால் யாரோ அதைத் துப்பாக்கியால் சுட்டார்கள், குறி தப்பியது. அன்று பிற்பகலே வேறொரு பந்தயத்தில் ஓடி ஜெயித்தது, செவ்வாயன்று 62.5 கிலோவோடு கப்பையும் வென்றது. 1931-இல் 68 கிலோ ஏற்றினார்கள். எட்டாவதாக வந்தது. "அறுபத்தெட்டு" என்று சொல்லும்போது பாட்டி தன் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவார், நேற்று நடந்த அநியாயம் போல.

மறுவருடம் ஏப்ரலில் கலிபோர்னியாவில் அது இறந்துபோனது. தோல் மெல்பர்ன் அருங்காட்சியகத்தில், எலும்புக்கூடு அது பிறந்த நியூசிலாந்தில், 6.2 கிலோ இதயம் கான்பெராவில். மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் செம்பழுப்பு உடம்பு, நான் நினைத்ததைவிட உயரம். "உள்ளே ஒன்றுமே இல்லையா அம்மா?" என்றாள் மகள்.

எல்லாரும் கொண்டாடுவதில்லை. 2014-இல் அதிகச் சுமையாக 58.5 கிலோ தூக்கிய ஜப்பான் குதிரை அட்மயர் ராக்தி கடைசியாக வந்து, லாயத்துக்குத் திரும்பியதும் செத்து விழுந்தது. அன்றிலிருந்து எங்கள் நர்ஸ் ஒருவர் சீட்டு எடுப்பதில்லை. அவரிடம் வாதாட என்னிடம் ஒன்றுமில்லை.

2015-இல் சமையல்காரருக்குப் பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ் வந்தது. பந்தயக்காரர்கள் நூற்றுக்கு ஒன்று என்று ஒதுக்கிய, யாரும் நம்பாத குதிரை. எனக்கு எல்லாரும் பணம் கட்டியிருந்த ஃபேம் கேம். "மாற்றிக்கொள்ளலாமா?" என்றார். நான் என்ன பைத்தியமா? ஃபேம் கேம் பதின்மூன்றாவது வந்தது. பிரின்ஸ் 53 கிலோவோடு வந்து கப்பைத் தட்டிக்கொண்டு போனது. மேலே மிஷெல் பெய்ன், இந்தக் கப்பை வென்ற முதல் பெண் ஜாக்கி. கூடத்துப் பாட்டிகள் போட்ட கூச்சலில் சமையல்காரர் பணத்தை மறந்துவிட்டார். சீட்டுப் பணக் கவரை அவரிடம் கொடுக்கப் போனால் பாட்டி கையைப் பிடித்துத் தடுத்தார். பந்தயம் முடிந்ததும் ஜாக்கிகளைச் சேணத்தோடு மறுபடி எடை போட்டு, "கரெக்ட் வெயிட்" என்று அறிவித்தால்தான் முடிவு செல்லும். அதுவரை யாருக்கும் ஒரு காசு கிடையாது.

பாட்டி இப்போது இல்லை. பூதக்கண்ணாடி எங்கள் மேஜை டிராயரில் கிடக்கிறது. கப் ஓடுவது மூன்று மணிக்கு, மாத்திரை வண்டியைத் தள்ள வேண்டியதும் அதே மூன்று மணிக்கு. இந்த வருடம் என் முறை. இரண்டே முக்காலுக்கே முடித்துவிடலாம் என்றிருக்கிறேன்.