விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது

கண்ணாடியைத் தட்டிப் பார்த்து, "இது நிஜமா, பொம்மையா?" என்று பார்வையாளர்கள் கேட்பது, பின்பக்க நடைவழியில் நிற்கும் என் காதில் அன்றாடம் விழும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. காலையில் சுருண்ட இடத்திலேயே மாலையிலும் மலைப்பாம்பு கிடக்கும்; வாயைப் பிளந்த முதலை அந்த நிலையிலேயே வெகுநேரம் அசையாதிருக்கும். விலங்குக் காட்சியகத்தின் ஊர்வனப் பிரிவில் பராமரிப்பாளராகச் சேர்ந்த புதிதில், ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சலிக்கும் உயிரினங்களை எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க என்ன இருக்கிறது என்று நானும் நினைத்ததுண்டு.

நடைவழி குறுகலானது. இருபுறமும் வரிசையாகச் சிறு கதவுகள்; ஒவ்வொரு கதவிலும் ஒரு பூட்டு, ஒரு வெப்பமானி, ஓர் ஈரப்பதமானி, உள்ளே எந்த இனம், எத்தனை எண்ணிக்கை என்று எழுதிய அட்டை. ஈர மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்த வாடை எப்போதும் அங்கே இருக்கும். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் பாறை, மரக்கிளை, நீர்த்தொட்டி என்று ஒரு காட்டுத்துண்டு தெரிகிறது. பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அதே இடம் சூடான முனை, குளிர்ந்த முனை என்று இரண்டாகப் பிரிந்து தெரியும். ஊர்வன தம் உடல் வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்வதில்லை. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி நகர்ந்தே அதைச் சரிசெய்துகொள்கின்றன. ஆகவே அடைப்பிடம் முழுவதையும் ஒரே வெப்பத்தில் வைத்திருப்பது, நமக்கு எவ்வளவு இதமாகப் பட்டாலும், அவற்றின் தெரிவைப் பறிப்பதாகும். பந்து மலைப்பாம்பின் இருப்பிடத்தில் ஒரு முனையை 32 பாகை செல்சியஸ் அளவிலும் மறுமுனையை 25 பாகை அளவிலும் வைத்திருப்போம். இரை தின்ற பாம்புக்குப் போதிய வெப்பம் கிடைக்காவிட்டால் வயிற்றில் இரை செரிக்காமல் அழுகத் தொடங்கும். சில நாட்களில் அது இரையைக் கக்கிவிடும். காலையில் கதவைத் திறந்ததும் அந்த நாற்றம் முகத்தில் அறைந்தால், பாம்பைப் பார்ப்பதற்கு முன் வெப்பமானியைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பழகிப்போயிற்று.

வெப்பத்தைக் கருவி காட்டிக்கொடுக்கும். ஒளி அப்படியல்ல என்பதை, பச்சை இகுவானா என்னும் பெரிய பல்லி ஒன்றின் செலவில் கற்றேன்.

அந்த இகுவானா வளரும் பருவத்தில் இருந்தது. நாள்தோறும் கீரையும் இலைகளும் நறுக்கி வைப்பேன், தின்றுவிடும். உயரமான கிளையில்தான் படுத்திருக்கும். ஒரு கட்டத்தில் நடுக்கிளையில் படுக்கத் தொடங்கியது. பின்னர் தாழ்ந்த கிளைக்கு வந்தது. அந்த நாட்களின் பதிவேட்டை இன்று எடுத்துப் பார்த்தால், என் கையெழுத்தில் வரிசையாக ஒரே சொல்தான் இருக்கிறது: "வழக்கம்போல்." ஒரு நாள் அதைத் தூக்கியபோது பின்னங்கால் விரல்கள் துடித்தன. தாடையை விரலால் தொட்டேன். எலும்பு இருக்க வேண்டிய இடம் ரப்பரைப்போல் வளைந்தது. ஊடுகதிர்ப் படத்தைப் பார்த்த கால்நடை மருத்துவர் அதிகம் பேசவில்லை. படத்தில் எலும்புகள் சுற்றியிருந்த தசையிலிருந்து பிரித்தறிய முடியாதபடி மங்கலாக இருந்தன.

காரணம் விளக்கு. பகலில் வெயில் காயும் பல்லியினங்கள் பல, புற ஊதா பி கதிர் தோலில் படும்போதுதான் டி3 உயிர்ச்சத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. அது இல்லாமல் உணவில் உள்ள கால்சியத்தைக் குடல் சரியாக உறிஞ்சாது. கால்சியம் குறைந்த இரத்தம் எலும்பிலிருந்து அதை உருவிக்கொள்ளும். சன்னல் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுவதால், கூடத்துக்குள் வரும் வெயிலால் பயனில்லை. தனி விளக்குதான் வேண்டும். அந்த விளக்கிலோ, நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் மங்குவதற்கு வெகு முன்பே புற ஊதாக் கதிர் குறைந்துபோகும். நான் பார்த்தபோதெல்லாம் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. எங்கள் மூத்த பராமரிப்பாளர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, விளக்கு எரியுதான்னு பாத்த. எத்தனை மாசமா எரியுதுன்னு பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு பதிவேட்டில் இனி "வழக்கம்போல்" என்ற சொல் வரக்கூடாது என்றார். எந்தக் கிளை, எத்தனை மணிக்கு, தலை எந்தப் பக்கம், எவ்வளவு தின்றது, எவ்வளவு மிச்சம் வைத்தது, எடை எத்தனை கிராம்: இவைதான் எழுதப்பட வேண்டும்.

இந்தப் பிரிவின் வேலையே அதுதான் என்று எனக்குப் பின்னால் விளங்கிற்று. குரங்குக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றே முகத்தில் தெரியும். ஊர்வன வலியைக் காட்டிக்கொள்வதில்லை. நாம் செய்த தவறு மாதக்கணக்கில் உள்ளேயே நடந்து, பிறகுதான் வெளியே வரும். ஒரு நாளைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. அறுபது நாட்களின் குறிப்பை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் கிளை மாறுவது தெரியும்.

தீனி விஷயத்திலும் அந்தக் குறிப்புதான் துணை. பந்து மலைப்பாம்பு சில வேளைகளில் மாதக்கணக்கில் இரையைத் தொடாது. உறைபெட்டியிலிருந்து எலியை எடுத்து, உறைநிலை நீக்கி, வெதுவெதுப்பாக்கி, நீண்ட இடுக்கியில் பிடித்து முகத்துக்கு முன் ஆட்டிக் காட்டினாலும், நாக்கை இரண்டு முறை நீட்டிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். புதியவர்கள் பதறுவார்கள். எடை குறையாதவரை நாங்கள் பதறுவதில்லை. தவளைகளுக்கும் பச்சோந்திகளுக்கும் தீனி கொடுப்பது வேறு வகைத் தொல்லை. அதற்காகச் சுவர்க்கோழிகளை நாங்களே வளர்க்க வேண்டும். அந்தப் பூச்சியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் அதிகம் என்பதால், கொடுப்பதற்கு முன் அதற்கே நல்ல தீனி போட்டு, கால்சியத் தூளில் புரட்டி விடுகிறோம். சொல்லப்போனால் தவளையைவிடத் தவளையின் தீனியைக் கவனிப்பதில்தான் பாதி நாள் கழிகிறது. தப்பிய சுவர்க்கோழி ஒன்று நடைவழிக் குழாய்க்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு வாரக்கணக்கில் கத்தும். அதைப் பிடித்தவர் எவரும் இல்லை.

பாம்பு தோல் உரித்த மறுநாள் காலையில் அந்தச் சட்டையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் ஒளி ஊடுருவும் செதில் ஒன்று மூடியிருக்கும். உரிப்பதற்கு முன் கண் பால் கலந்த நீலமாக மங்கும், பின்பு தெளியும், அதற்கடுத்த சில நாட்களில் உரிக்கும். உரிந்த சட்டையின் தலைப் பகுதியில் கடுகைப்போல் குவிந்த இரண்டு வில்லைகள் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தால் மற்றொன்று பாம்பின் கண்ணிலேயே ஒட்டியிருக்கிறது. இருப்பிடத்தில் ஈரப்பதம் போதவில்லை என்று அதற்குப் பொருள். நகத்தால் பிய்க்கக் கூடாது, கண்ணே பழுதாகும். ஈரத்தைக் கூட்டிக் காத்திருக்க வேண்டும்.

நஞ்சுள்ள பாம்புகளைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். உண்மையில் சொல்லச் சுவையானது குறைவு. தனியாக யாரும் கதவைத் திறப்பதில்லை, எப்போதும் இருவர். திறப்பதற்கு முன் உள்ளே இருக்கும் பாம்புகளைக் கண்ணால் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். எண்ணிக்கை நிறையாமல் பூட்டைத் தொடக் கூடாது. சுத்தம் செய்வதென்றால் கொக்கியால் மெல்ல நகர்த்தி மாற்றுப் பெட்டிக்குள் அடைக்கிறோம். சிகிச்சை என்றால் தலையையும் உடலின் முற்பகுதியையும் ஒளி ஊடுருவும் குழாய்க்குள் நுழையவிட்டுப் பிடிக்கிறோம். கழுத்தைக் கையால் பற்றும் வித்தையெல்லாம் திரைப்படத்தோடு சரி. 1957-இல் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் கார்ல் ஷ்மிட் என்ற அனுபவம் மிக்க ஊர்வனவியலாளர், அந்நகரின் விலங்குக் காட்சியகம் இனங்காண அனுப்பிய இளம் பூம்ஸ்லாங் பாம்பு ஒன்றால் கடிபட்டார். சிறிய பாம்பு, பல் பதிந்ததும் கொஞ்சமே. தமக்குத் தோன்றிய அறிகுறிகளை அவர் குறிப்பெழுதிக்கொண்டே இருந்தார், மறுநாள் இறந்துவிட்டார். அந்தச் சம்பவத்தைப் பயிற்சியின்போது கேட்ட நாளிலிருந்து, சிறிய பாம்பு என்று நான் எதையும் தனியாக நினைப்பதில்லை.

நீர்நில வாழ்வனவற்றின் அறைக்குள் போவதற்குச் செருப்பு மாற்ற வேண்டும். தவளை தோலின் வழியாக நீரை உறிஞ்சுகிறது, ஓரளவு மூச்சும் விடுகிறது. ஆகவே நம் கையில் உள்ள சோப்பும் உப்பும் அதற்கு நஞ்சாகலாம். தூள் பூசாத கையுறையை நீரில் அலசி அணிந்த பிறகே தொடுகிறோம். குழாய் நீரில் உள்ள குளோரினை நீக்காமல் ஒரு குவளைகூட உள்ளே ஊற்றுவதில்லை. செருப்பு மாற்றுவது வேறொரு அச்சத்தால். தவளைகளின் தோலைத் தாக்கிக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை 1999-இல்தான் அறிவியலில் பெயரிடப்பட்டது. அதற்குள் பல நாடுகளில் அது தவளையினங்களை அழித்துக்கொண்டிருந்தது. ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு அது ஈரமான காலணியில் போகும். புதிதாக வரும் தவளை தனிமைக் காவல் முடித்து, தோலில் தேய்த்தெடுத்த மாதிரியின் சோதனை முடிவு வந்த பிறகே மற்றவற்றோடு சேர்கிறது.

சலிப்பூட்டும் இந்த ஒழுங்கை நான் பொறுத்துக்கொள்வதற்கு ஒரு தேரையின் கதை காரணம். டான்சானியாவின் கிஹான்சி அருவியின் சாரலில் மட்டும் வாழ்ந்த, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய தேரை அது, 1996-இல்தான் கண்டறியப்பட்டது. முட்டையிடாமல் குட்டித் தேரைகளையே ஈனும். அணைக்காக ஆற்று நீர் திருப்பப்பட்டதும் சாரல் நின்றது. 2000-ஆம் ஆண்டில் 499 தேரைகள் பிடிக்கப்பட்டு அமெரிக்க விலங்குக் காட்சியகங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 2009-இல் இயற்கையில் அழிந்த இனமாக அது அறிவிக்கப்பட்டபோது, உலகில் அதன் இருப்பு முழுவதும் எங்களைப் போன்றவர்களின் பின்பக்க அறைகளில்தான் இருந்தது. 2012-இல் அவற்றின் வழித்தோன்றல்கள் அந்தப் பள்ளத்தாக்கில் மீண்டும் விடப்பட்டன. யாரோ ஒருவர் அத்தனை ஆண்டுகள் செருப்பு மாற்றிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்.

எங்கள் அடைகாப்புப் பெட்டியில் இப்போது ஆமை முட்டைகள் இருக்கின்றன. கோழி முட்டையைத் திருப்பிவிடுவதுபோல் இவற்றைத் திருப்பக் கூடாது. கரு மேற்புறம் ஒட்டிய பிறகு புரட்டினால் இறக்கக்கூடும். எடுக்கும்போதே பென்சிலால் மேற்புறத்தில் ஒரு குறி இடுகிறோம். பல ஆமையினங்களில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைப் பெட்டியின் வெப்பமே தீர்மானிக்கிறது. ஓரிரு பாகை போதும். அந்த வெப்பமானியை நாளுக்கு மூன்று முறை பார்த்து எழுதுகிறேன்.

இகுவானா பிழைத்துக்கொண்டது. புதிய விளக்கும் கால்சிய மருந்தும் மாதக்கணக்கான கவனிப்பும் எலும்பை இறுக வைத்தன. உயரக் கிளைக்கும் ஏறிவிட்டது. தாடை மட்டும் வளைந்தபடியே கெட்டிப்பட்டுப்போனதால் வாயோரம் சற்று மேலேறித் தெரியும். "அம்மா, அது சிரிக்குது பாரு" என்று குழந்தைகள் சொல்வது கண்ணாடியைத் தாண்டி எனக்குக் கேட்கும். அப்போதெல்லாம் கை தானாக விளக்கின் விளிம்புக்குப் போகிறது. அங்கே ஒட்டியிருக்கும் தாளில், மாட்டிய தேதியை ஒருமுறை படித்துக்கொள்கிறேன்.