திருநங்கை கோல்ஃப் வீராங்கனை ஹெய்லி டேவிட்சனுக்கு நடந்தது சரியா?

2010-இல் லானா லாலெஸ் என்ற திருநங்கை வழக்குப் போட்ட பிறகுதான், அமெரிக்கப் பெண்கள் கோல்ஃப் அமைப்பான எல்பிஜிஏ 'பிறப்பிலேயே பெண்ணாக இருக்க வேண்டும்' என்ற விதியை நீக்கியது. 2024 டிசம்பரில் அது கிட்டத்தட்டத் திரும்பி வந்துவிட்டது. ஆணாகப் பருவமடைந்த எவரும் 2025 முதல் ஆட முடியாது.

கோல்ஃபில் தூரம் முக்கியம், 'டிரைவர்' என்ற நீளமான மட்டையை வேகமாகச் சுழற்றுகிறவருக்கு அடுத்த அடி சுலபமாகிவிடும், அந்த வேகத்தில் உயரத்துக்கும் தசைக்கும் பங்கு உண்டு, ஹார்மோன் சிகிச்சை உயரத்தைக் குறைக்காது. அதனால் வீராங்கனைகளின் கவலையை வெறுப்பு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

ஆனால் ஹெய்லி டேவிட்சன்? அன்றைய விதி கேட்டபடி அறுவை சிகிச்சை வரை செய்துகொண்டு, எல்பிஜிஏவின் 2024 தகுதிச் சுற்றிலும் ஆடியவர். அவரைப் பாதி வழியில் இறக்கிவிட்டது அநியாயம். ஏற்கெனவே உள்ளே வந்தவர்களுக்காவது பழைய விதியை விட்டுவைத்திருக்கலாம்.