வீட்டை எண்ணாதீர்கள், அடுப்பை எண்ணுங்கள்

சென்னை மெரினாவின் தெற்கே, கலங்கரை விளக்கத்தைத் தாண்டி அடையாறு முகத்துவாரம் வரை நொச்சிக்குப்பம், டூமிங் குப்பம், முள்ளிக்குப்பம், சீனிவாசபுரம் என்று மீனவர் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு பக்கம் சாந்தோம் நெடுஞ்சாலை, மறுபக்கம் கடல், நடுவே லூப் ரோடு. இந்த இடத்தை எல்லா வருமானத்தாரும் சேர்ந்து வாழும் நகர்ப்பகுதியாக மாற்றலாம் என்று யோசிக்கிறவர்கள் முதல் நாளே அடுக்குமாடியை வரைந்துவிடுகிறார்கள். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. வீட்டைக் கடைசியாக வரையலாம். முதலில் படகு.

இங்கே ஓடுவது பெரும்பாலும் ஃபைபர் படகு. 28 முதல் 32 அடி நீளம், ஆறேழு அடி அகலம். பக்கத்தில் வலைக்குவியல், ஆள் நின்று தள்ள இடம் எல்லாம் சேர்த்தால் கரையோரமாகப் படகுக்கு 4 மீட்டராவது வேண்டும். 150 படகு உள்ள ஊருக்கு ஒற்றை வரிசையில் 600 மீட்டர் கரை. இரட்டை வரிசையாக வைத்தால் பாதி போதும் என்று காகிதத்தில் தோன்றும். பின்வரிசைப் படகு விடியற்காலை இறங்க வேண்டுமே? பத்துப் படகுக்கு ஒரு சந்து விட்டால் 300 மீட்டர் 350-ஐ நெருங்கிவிடும்.

அளக்கிற மாதமும் முக்கியம். மே மாதம் போனால் மணல் தாராளமாகத் தெரியும். பூங்காவும் நடைபாதையும் போட கை துறுதுறுக்கும். வடகிழக்குப் பருவமழையில் அதே கரை சுருங்கி, படகெல்லாம் சாலை ஓரம்வரை ஏறி நிற்கும். அதனால் டிசம்பர் கரைக்கோட்டை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். மே மாத மணல் காலி மனை என்று நினைத்தால், முதல் மழைக்காலத்திலேயே படகுக்கும் நடைபாதைக் கைப்பிடிச் சுவருக்கும் சண்டை வரும்.

அடுத்தது, கரையிலிருந்து வீட்டுக்கு எது வருகிறது, எது வரக் கூடாது என்ற கணக்கு. 9.9 குதிரைத்திறன் இன்ஜின் ஏறக்குறைய 40 கிலோ. அதை மூன்றாம் மாடிக்குத் தூக்க யாராலும் முடியாது, வலையும் மேலே ஏறாது. தரைத்தளத்தில் படகுக்கு ஒன்றாக 2 மீட்டருக்கு 3 மீட்டர் பூட்டு அறை கொடுத்தால் சிக்கல் தீர்ந்தது. கொடுக்காவிட்டால் இன்ஜின் மாடிப்படிக்கு அடியிலும், பெட்ரோல் கேன் அதன் பக்கத்திலும் வந்து உட்காரும். தீப்பிடித்தால் இறங்க இருக்கும் ஒரே வழியும் அந்தப் படிதான். எரிபொருளுக்குக் காற்றோட்டமான தனி அறை, வீட்டுக் கட்டடத்தோடு ஒட்டாமல் இருக்க வேண்டும்.

இனி ஆள் கணக்கு. ஒரு கதவு எண்ணுக்கு ஒரு வீடு என்று பட்டியல் போடுவதுதான் வழக்கம். குப்பத்தில் ஒரே கதவுக்குப் பின்னால் மூன்று அடுப்பு எரியும்: பெற்றோர், கல்யாணமான மூத்தவன், கைக்குழந்தையோடு திரும்பி வந்த மகள். கதவை எண்ணினால் முதல் நாளே மூன்றில் இரண்டு குடும்பத்துக்கு வீடு இல்லை. ஒதுக்கீட்டுச் சண்டைகளில் பாதி இப்படித்தான் பிறக்கிறது. அடுப்பை எண்ணி, அதன்மேல் இன்னும் பதினைந்து வருடத்தில் குடும்பமாகப் போகிற பிள்ளைகளுக்கும் இடம் ஒதுக்கி வைப்பதுதான் சரி.

பல வருமானத்தார் என்றால் வெளியாட்களைக் கொண்டுவருவது என்றே பலரும் நினைக்கிறார்கள். குப்பமே பல வருமானம் கொண்டதுதான். படகு வைத்திருப்பவர், பங்குக்குப் போகிறவர், ஏலம் எடுத்து விற்கும் பெண்கள், வலை பின்னுபவர், ஐஸ் சுமப்பவர், படித்து மாதச் சம்பளத்துக்குப் போன பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரே 30 சதுர மீட்டர் பெட்டியைக் கொடுத்தால் வசதி வந்தவன் முதலில் வெளியேறுவான். அவன் விட்ட வீடு வாடகைக்குப் போகும். 30, 45, 60 சதுர மீட்டர் என்று மூன்று அளவு ஒரே மாடிப்படியில் கலந்து இருந்தால் வசதி வந்தபின்னும் ஊருக்குள்ளேயே பெரிய வீட்டுக்கு மாறலாம்.

பணம் கட்டும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. கடல் மாதச் சம்பளம் தருவதில்லை. விற்றதில் செலவு போக மிஞ்சுவதைப் படகு, இன்ஜின், வலை, ஆள் என்று பங்கு பிரிக்கும் தொழிலில், மாதாமாதம் சம தவணை கேட்டால் புயல் எச்சரிக்கை வந்த மாதமே பாக்கி விழும். மீன்பாடு நல்ல மாதங்களில் அதிகமும் மற்ற மாதங்களில் பெயரளவுக்கும் கட்டும்படி தவணையை அமைக்க வேண்டும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். நகரத்தின் கட்டடம் நிறைந்த பகுதிகளில் ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் புதிதாகக் கட்டலாம். மத்திய அரசின் 2011 அறிவிக்கை, மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற தளப்பரப்புக் குறியீட்டை 1991-இல் இருந்த விதியோடு கட்டிவைத்தது. 2019 அறிவிக்கை அந்தக் கட்டை அவிழ்த்தது. அதே மனையில் கூடுதல் மாடி கிடைக்கும் என்றானதும் குப்பங்களின் மதிப்பு ஏறிவிட்டது. எனவே முதல் செங்கலுக்கு முன்னே, வலை காயவைக்கும் இடம், ஏலக்களம், அம்மன் கோயில் திடல், பஞ்சாயத்து கூடும் இடம் எல்லாம் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் ஏற வேண்டும். வரைபடத்தில் இல்லாத திடல் அடுத்த டெண்டரில் கார் நிறுத்தமாகிவிடும். வீட்டுக்கு யூடிஎஸ் எனப்படும் பிரிபடாத மனைப்பங்கு குடும்பத்தின் பெயரில். தொழில் நிலம் மட்டும் தனித்தனியாகப் பிரித்து விற்க முடியாதபடி ஊர்ப் பொதுவில். இரண்டையும் ஒரே பத்திரத்தில் போடவே கூடாது.

கட்டுமானத்தில் எதிரி உப்பு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் 456-இன்படி கடலோரச் சூழலுக்குக் குறைந்தது எம்30 வலிமைக் கான்கிரீட், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடல், கடல்நீர்ச் சாரல் நேராக அடிக்கும் முகப்புக்கு எம்35, 50 மி.மீ. ஊருக்குள் கட்டுகிற பழக்கத்தில் கம்பிக்கு அடியில் மூடல் இடைவெளி தரும் கவர் பிளாக்கை 25 மி.மீ. மட்டும் வைத்தால் சில வருடங்களிலேயே கம்பி துருப்பிடித்து ஊதி, பால்கனி அடிப்பாகம் பெயர்ந்து விழும். கலவைக்கும் நீராற்றுவதற்கும் அங்கேயே போர் போட்டு எடுத்த உப்புத் தண்ணீரை ஊற்றுவது இன்னொரு பாவம். லிஃப்ட்டையும் உப்பு விடாது. பராமரிப்புப் பணம் வசூலாகாத எட்டு மாடியைவிட தரையும் மூன்று மாடியும் மேல். வீடு குறையும், தெரிந்துதான் சொல்கிறேன். கட்டடங்களின் குறுகிய பக்கம் கடலைப் பார்க்க நின்றால் மதியம் எழும் கடல்காற்று பின்வரிசைக்கும் போகும், சந்திலிருந்தே அலையைப் பார்த்துவிடலாம்.

சாக்கடை அடைப்புக்குக் காரணம் மணலும் செதிலும். ஒவ்வொரு கட்டட வாசலிலும் கால் கழுவக் குழாய், அதன் கீழே மணல் படியும் தொட்டி. மீன் வெட்டும் இடத்தில் செதிலும் கொழுப்பும் பிடிக்கும் தொட்டி. வாரம் ஒருமுறை அள்ள ஆள் யார், சம்பளம் எதிலிருந்து என்பதையும் வரைபடத்தோடே எழுதிவிட வேண்டும்.

இவ்வளவும் செய்து வெளியாட்களுக்குக் கொஞ்சம் வீடு விற்றுச் செலவை ஈடுகட்டலாமா? கட்டலாம், ஆனால் கடலைப் பார்த்த வரிசையை விற்காமல். சாந்தோம் பக்கம் கடை, அலுவலகம், அதன் மேல் விற்பனை வீடு. வருகிற கடை வாடகை பராமரிப்புக்கு. கடல் பார்த்த வரிசை கைமாறினால் என்ன நடக்கும் என்பதற்கு லூப் ரோடே முன்னோட்டம். 2023 ஏப்ரலில் சாலையோர மீன்கடைகளால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. கடைகளை அகற்றப் போனதும் மீனவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். 2024-இல் 366 கடைகளோடு அங்காடி திறந்தார்கள். குப்பம் உருவான பிறகு போட்ட சாலைக்கே இந்த வழக்கு. விலை கொடுத்து வாங்கியவருக்கு விடியற்காலை மூன்று மணி இன்ஜின் சத்தமும் கருவாட்டு வாசமும் புகார் ஆகாமல் இருக்குமா? சுனாமிக்குப் பின் இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு ஒரேயடியாக நடந்த வெளியேற்றம், இங்கே புகார் புகாராக நடக்கும். விற்பனைப் பத்திரத்திலேயே, மீன்பிடித் தொழிலின் சத்தம், வாசம், படகு நிறுத்தம், ஏலம் ஆகியவை இந்த இடத்தின் இயல்பு, இவற்றை எதிர்த்து வாங்குபவரோ அவரிடம் பின்னர் வாங்குபவரோ வழக்காட உரிமை கோருவதில்லை என்று ஒரு பிரிவு எழுதி, அதை வீட்டு உரிமையாளர்களின் கூட்டுரிமைச் சங்கத்தின் துணைவிதியிலும் ஏற்றுங்கள். அதற்குக் கையெழுத்துப் போடத் தயங்குகிறவருக்கு வீடு விற்க வேண்டாம்.